கோடி போகுது

சத்துவாச்சாரியில், மூன்றாம் மாடியில்,
கோப்புகளுக்கு நடுவே எனக்கொரு மேசை.
ஈரநிலச் சட்ட வரைவு, பதினோரு பக்கம்,
திங்களுக்குள் தமிழில் வேண்டும் என்றார் சம்பங்கி சார்.

முதல் பிரிவு சுலபம்.
'இது தமிழ்நாடு முழுவதையும் அளாவி நிற்கும்.'
மழைமேகத்தைப் பற்றிச் சொன்னதுபோல் இருந்தது.
டீ குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது, பொருள் வரையறை:
சதுப்பு, சேறு, நிரந்தரமாகவோ
பருவத்துக்கு மட்டுமோ நீர் தங்கும் பரப்பு...
கை தன்போக்கில் எழுதிக்கொண்டே வந்து
ஒரு சொல்லில் இடறியது:
'பாசனத்துக்கென மனிதர் அமைத்த நீர்நிலைகள் நீங்கலாக.'

நீங்கலாக.

வேலூரைச் சுற்றி மனிதர் அமைக்காத தண்ணீர்
எங்கே இருக்கிறது?
பாலாறு ஒன்று. அது மணலுக்கே வழியில்லாமல் கிடக்கிறது.
மற்றதெல்லாம் ஏரி, தாங்கல், குட்டை;
கூடைக்கு இவ்வளவு கேழ்வரகென்று கூலி பேசி
யாரோ தலையில் மண் சுமந்து போட்ட கரை.
தானாகத் தேங்கியிருந்தால் சட்டம் காக்கும்.
ஆள் வைத்துத் தேக்கியதால் அது வெறும் புல எண்.
நத்தைகுத்தி நாரையிடம் இதை யார் விளக்குவது?
அது பட்டா பார்த்து இறங்குவதில்லை.

எழுதினேன். சம்பளம் வாங்குகிறேனே.

அறுபது நாள் ஆட்சேபணைக் காலம்.
மனுக்கள் வந்தன. இப்போது தலைகீழ் வேலை,
தமிழை ஆங்கிலத்தில் போடவேண்டும்.
மீன் குத்தகை தசரதன்,
செங்கல் சூளைக்காரர் இருவர், ஒரே கையெழுத்தில்.
மனை விற்கும் ஜெயவேலு தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்:
'சின்னாவரம் தாங்கல் பயனற்றுக் கிடக்கிறது.
மனைப்பிரிவாக்கினால் நான்கு கோடி போகும்.'

அதே தாங்கலிலிருந்து இன்னொன்று,
கோடு போட்ட தாளில்,
கோரை அறுக்கும் எட்டியம்மாள்
யாரையோ எழுதவைத்தது:
'அய்யா, தண்ணி இல்லன்னு சொல்றாங்கோ.
பொய்யி. எம் மவ வயசுக்கு வந்த வருசம் கோடி போச்சி.
கொரோனாவுக்கு அடுத்த வருசம் கோடி போச்சி.
இந்த வருசமும் போவும். வந்து பாருங்கோ.'

அட்டவணையில் அடுத்தடுத்து எழுதியபோது
இரண்டு கட்டத்திலும் கோடி.
ஜெயவேலுவின் கோடிக்கு ஏழு பூச்சியம் போட்டேன்.
எட்டியம்மாளின் கோடிக்கு
மேசை அகராதியில் முனை என்றிருந்தது,
புதுத்துணி என்றிருந்தது.
கரை நிறைந்து, தாழ்ந்த கடைசியில்
ஏரி தன்னைத் தாண்டிப் போவது அங்கே இல்லை.
உபரி நீர் என்று போடலாம்தான்.
உபரி என்றால் யாருக்கும் வேண்டாதது என்று
ஜெயவேலு படிப்பார்.

கார்த்திகை மூன்றாம் ஞாயிறு, இரண்டு நாள் விடாமழை.
பொன்னை பஸ்ஸில் ஏறினேன்.
சின்னாவரம் திருப்பத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.
'கோடி போவுது, இறங்கி நடங்க' என்றார் நடத்துநர்,
தெரிந்த ஆளைச் சொல்வதுபோல்.

சாலையின் குறுக்கே முழங்காலளவு, செம்மண் நிறத்தில்,
அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
மஞ்சள் அடித்த மனைக்கற்கள் தலைமட்டும் தெரிந்தன.
ஒன்றின்மேல் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்தது.
வலை போட்டவர்களில் ஒருவர் தசரதனோ என்னவோ,
கேட்கவில்லை.
எட்டியம்மாளையும் தேடவில்லை.
என்ன சொல்லிக்கொண்டு நிற்பேன்,
நீங்கலாக எழுதின கை இதுதான் என்றா?
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
அக்கரை வரை போய்த் திரும்பினேன்.

திங்கள் காலை
அந்தக் கட்டத்தில் கோடி என்றே
ஆங்கில எழுத்தில், சாய்வாக அடித்து அனுப்பினேன்.
மாலைக்குள் திரும்பி வந்தது.
சம்பங்கி சார் சிவப்பு மையில் வட்டமிட்டு
ஓரத்தில் எழுதியிருந்தார்:
பொருள் தருக.